லூபஸ் உள்ளவர்களுக்கு இரண்டாவது கிட்னி பயாப்சி: எதற்கு, எப்போது, எப்படித் தயாராவது

"போன தடவைதான் எடுத்தாச்சே அக்கா, மறுபடியும் எதுக்கு?" என்று தங்கை கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. நம் எதிர்ப்பு சக்தியே நம் உடம்பைத் தாக்கும் லூபஸ் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு 23 வயது. கால் வீங்கி, யூரினில் நுரை வந்து, கிட்னியிலிருந்து ஊசியால் சின்னத் துண்டு எடுத்துப் பார்க்கும் முதல் பயாப்சியில் 'கிளாஸ் 4' என்று வந்தது. பதினான்கு மாதம், எதிர்ப்பு சக்தியை அடக்கும் மைக்கோஃபினோலேட்டும் ஸ்டீராய்டும் ஒரு வேளை தவறாமல் சாப்பிட்டாள். வீக்கம் வடிந்தது. ஆனால் யூரினில் ஒரு நாளைக்கு 1.4 கிராம் புரதம் போய்க்கொண்டே இருந்தது, அதற்குக் கீழே இறங்கவே இல்லை. அப்போதுதான் டாக்டரம்மா, "இன்னொரு தடவை எடுத்துப் பார்த்துடலாம்மா" என்றார்.

வீட்டில் ஆளுக்கொரு பயம். பயாப்சி என்றால் கேன்சருக்குத்தானே எடுப்பார்கள் என்றார் அப்பா. குத்திக் குத்தியே கிட்னி போய்விடும் என்றார் பெரியம்மா. தங்கைக்கு இது தோற்றுப்போனதற்கான அடையாளமாகத் தெரிந்தது. எனக்கோ எதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை. நான் டாக்டர் இல்லை. அவளுடைய ஃபைலைத் தூக்கிக்கொண்டு பல வருடமாக ஓபி வாசலில் உட்கார்ந்ததில் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இன்று நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: யூரின் டெஸ்ட் எதைச் சொல்லாது என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு கிட்னியிலும் சுமார் பத்து லட்சம் வடிகட்டி முடிச்சுகள் இருக்கின்றன. குளோமெருலஸ் என்பார்கள். லூபஸில் நம் உடம்பே தயாரிக்கும் எதிர்ப்புப் புரதங்கள் இந்த முடிச்சுகளில் போய்ப் படிந்து அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. வடிகட்டி கெட்டால் ரத்தத்தில் இருக்க வேண்டிய புரதம் யூரினில் ஒழுகும். ரத்தத்தில் கிரியேட்டினின் ஏறும். நம் ஊரில் 'உப்பு கூடியிருக்கிறது' என்பார்களே, அதுதான்.

புரதம் ஒழுக இரண்டு காரணங்கள் இருக்கலாம். முடிச்சுகளில் புண் இன்னும் ஆறாமல் இருக்கலாம். அல்லது புண் ஆறி, தழும்பாக இறுகிப்போயிருக்கலாம். தழும்பான முடிச்சும் ஒழுகும். யூரின் டெஸ்ட் எவ்வளவு ஒழுகுகிறது என்று சொல்லும், எதனால் என்று சொல்லாது. ரத்தத்தில் பார்க்கும் சி3, சி4, டிஎஸ்டிஎன்ஏ என்ற லூபஸ் டெஸ்ட்கள் எல்லாம் நோயின் வேகத்தை ஓரளவு காட்டும். ஆனாலும் அவை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்ப்பது போலத்தான்.

இது வெறும் தகவல் இல்லை, வைத்தியமே இதில்தான் பிரிகிறது. புண் இருந்தால் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்தைக் கூட்டவோ மாற்றவோ வேண்டும். தழும்பு மட்டும் என்றால் அந்த மருந்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் இல்லை, தொற்றும் எலும்புத் தேய்மானமும்தான் மிச்சம். அங்கே தேவைப்படுவது பிரஷரை நன்றாகக் கட்டுக்குள் வைப்பதும், புரத ஒழுக்கைக் குறைக்கும் டெல்மிசார்டன் மாதிரி மாத்திரைகளும், இருக்கிற முடிச்சுகளைக் காப்பாற்றுவதும்.

வெளியில் தெரிவதும் உள்ளே நடப்பதும் எந்த அளவுக்கு ஒத்துப்போகாமல் இருக்கலாம் என்பதை அர்ஜென்டினாவின் புவெனஸ் ஐரிஸ் நகரில் அனா மால்வார் என்ற கிட்னி டாக்டரின் குழு தெளிவாகக் காட்டியது. 2017இல் வெளியான அவர்களுடைய ஆய்வில் 69 பேருக்கு வைத்தியத்துக்குப் பிறகு மறு பயாப்சி எடுத்துப் பார்த்தார்கள். டெஸ்ட் எல்லாம் நார்மலுக்கு வந்துவிட்டவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கு உள்ளே புண் இன்னும் கனன்றுகொண்டிருந்தது. அதற்கு நேர்மாறாக, உள்ளே புண் முழுக்க ஆறியிருந்தவர்களில் 62 சதவீதம் பேருக்கு யூரின் டெஸ்ட் இன்னும் சரியாகவில்லை. எனக்கு இதைப் படித்தபோது வயிற்றைக் கலக்கியது. டெஸ்டை மட்டும் நம்பினால் மருந்து வேண்டியவருக்கு நிறுத்திவிடலாம், வேண்டாதவருக்குக் கூட்டிவிடலாம்.

இரண்டாவது படி: பழைய ரிப்போர்ட்டைத் தேடி எடுங்கள்

மறு பயாப்சியின் முழுப் பலனும் முதல் ரிப்போர்ட்டோடு வைத்துப் பார்த்தால்தான் கிடைக்கும். இதை நாங்கள் கஷ்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். முதல் பயாப்சி எடுத்த இடத்தில் எங்களுக்குக் கொடுத்தது டிஸ்சார்ஜ் சீட்டில் ஒரு வரி மட்டும்: 'லூபஸ் நெஃப்ரைட்டிஸ், கிளாஸ் 4'. முழு ரிப்போர்ட் என்று ஒன்று உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. பதினான்கு மாதம் கழித்துப் போய்க் கேட்டால், ரெக்கார்டு ரூமுக்கும் லேபுக்கும் மூன்று நாள் அலையவிட்டார்கள். கடைசியில் லேபில் ஒரு அண்ணன் பழைய ரிஜிஸ்டரைப் புரட்டி நம்பரைக் கண்டுபிடித்துக் கொடுத்தார். அந்த நம்பர்தான் முக்கியம். பயாப்சி நம்பர் இருந்தால் ரிப்போர்ட் கிடைக்கும், மெழுகு பிளாக்கும் கண்ணாடி ஸ்லைடும்கூடக் கிடைக்கும். லேப்கள் இவற்றைப் பல வருடம் பாதுகாத்து வைப்பது வழக்கம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள்.

ஒன்று, கிளாஸ். இது ஒன்று முதல் ஆறு வரை. 2003இல் உலக அளவில் வகுத்து, 2018இல் திருத்திய முறை இது. ஒன்றும் இரண்டும் லேசானவை. மூன்று என்றால் பாதிக்கும் குறைவான முடிச்சுகளில் அழற்சி. நான்கு என்றால் பாதி அல்லது அதற்கு மேல். ஐந்து வேறு மாதிரி: முடிச்சின் சவ்வு தடித்துப் புரதம் நிறைய ஒழுகும். ஆறு என்றால் 90 சதவீதத்துக்கு மேல் தழும்பு. 3+5, 4+5 என்று கலந்தும் வரும். நிறையப் பேர் 'கிளாஸ் 4' என்றால் புற்றுநோயில் சொல்லும் நான்காவது ஸ்டேஜ் மாதிரி என்று நினைத்து உடைந்துபோகிறார்கள். எங்கள் அப்பாவும் அப்படித்தான் அழுதார். அது வேறு, இது வேறு. இங்கே எண் ஏறுவதால் நோய் படிப்படியாக முற்றுகிறது என்று அர்த்தம் இல்லை. எந்த இடத்தில், எந்த மாதிரி பாதிப்பு என்பதைத்தான் அது சொல்கிறது. கிளாஸ் 4 நன்றாக ஆறக்கூடியது.

இரண்டு, ஆக்டிவிட்டி இண்டெக்ஸ். 0 முதல் 24 வரை. இதுதான் புண்ணின் மதிப்பெண். மூன்று, க்ரானிசிட்டி இண்டெக்ஸ். 0 முதல் 12 வரை. இது தழும்பின் மதிப்பெண். இந்த இரண்டு எண்களையும் மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள். கிளாஸைவிட மறு பயாப்சியில் அதிகம் பேசுவது இவைதான்.

நான்கு, சாம்பிளில் எத்தனை முடிச்சுகள் கிடைத்தன என்ற எண்ணிக்கை. லூபஸில் குறைந்தது பத்தாவது இருந்தால்தான் நம்பிக்கையாகச் சொல்ல முடியும். நான்கைந்துதான் கிடைத்தது என்றால், அந்த ரிப்போர்ட்டை வைத்துப் பெரிய முடிவு எடுக்கும் முன் டாக்டரிடம் பேசுங்கள்.

பழைய ரிப்போர்ட்டில் இண்டெக்ஸ் எண்கள் இல்லை என்றால் கவலை வேண்டாம். ஸ்லைடையோ பிளாக்கையோ வாங்கி, மறு பயாப்சியைப் பார்க்கப்போகும் அதே பேத்தாலஜி டாக்டரிடம் கொடுத்து மதிப்பெண் போடச் சொல்லலாம். இரண்டையும் ஒரே கண் பார்ப்பது இன்னும் நல்லது. ஆளுக்கு ஆள் மதிப்பெண் சற்று மாறும்.

மூன்றாவது படி: உங்கள் சூழ்நிலைக்கு இது தேவையா

எல்லா லூபஸ்காரர்களுக்கும் மறு பயாப்சி தேவையில்லை. இன்றைய வழிகாட்டு நெறிகளும் எல்லோருக்கும் கட்டாயம் என்று சொல்லவில்லை. வைத்தியம் தொடங்கி ஒரு வருடத்தில் எல்லோருக்கும் வழக்கமாகவே ஒரு தடவை எடுத்தால் கிட்னி கூடுதல் காலம் காப்பாற்றப்படுமா என்று பார்க்க ரீபயோலூப் என்ற பெயரில் பல நாடுகள் சேர்ந்த ஆய்வு ஒன்று தொடங்கியிருக்கிறது. அதுவரை, காரணம் இருந்தால் எடுப்பது என்பதுதான் பெரும்பாலான டாக்டர்களின் வழி.

முதல் காரணம், எங்களுக்கு நடந்தது. வைத்தியம் நடந்தும் புரதம் எதிர்பார்த்த அளவுக்கு இறங்கவில்லை. ஐரோப்பிய டாக்டர்கள் சங்கங்களின் கணக்குப்படி மூன்று மாதத்தில் குறைந்தது கால் பங்கு, ஆறு மாதத்தில் பாதி, ஒரு வருடத்தில் ஒரு நாளைக்கு 0.5 முதல் 0.7 கிராமுக்குக் கீழே என்று இறங்க வேண்டும். ஆரம்பத்திலேயே மிக அதிகமாகப் போனவர்களுக்கு இன்னும் ஆறு முதல் பன்னிரண்டு மாதம் கூடுதல் அவகாசம் கொடுப்பார்கள். கிளாஸ் 5 மெதுவாகத்தான் இறங்கும். ஆகவே ஆறாவது மாதத்திலேயே பதறாதீர்கள்.

இங்கே ஒன்றை நேர்மையாகப் பேச வேண்டும். பயாப்சிக்கு முன், மாத்திரை ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பாருங்கள். மைக்கோஃபினோலேட் சிலருக்கு வயிற்றைக் கெடுக்கும். ஆபீஸில், பஸ்ஸில் சங்கடமாக இருக்கிறது என்று ஒரு வேளையை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடுவார்கள். அப்படி விட்டிருந்தால் தயங்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், திட்டினால் திட்டட்டும். விட்ட மாத்திரையைக் கண்டுபிடிக்க ஊசி குத்த வேண்டியதில்லை. 24 மணி நேர யூரினைச் சரியாகச் சேகரித்தோமா, மாதவிலக்கு நாளில் கொடுத்தோமா, யூரினில் கிருமி இருந்ததா என்பதையும் பாருங்கள். ஒரு டெஸ்ட்டை வைத்து முடிவு செய்ய வேண்டாம், திரும்ப எடுத்து உறுதி செய்யுங்கள்.

இரண்டாவது காரணம், அடங்கியிருந்தது மறுபடி கிளம்புவது. புரதம் திடீரென ஏறுகிறது, யூரினில் ரத்த அணுக்கள் வருகின்றன, உப்பு கூடுகிறது. நோய் ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்கு மாறுவது லூபஸில் சாதாரணம். லேசான இரண்டாம் கிளாஸில் இருந்தவருக்கு அது மூன்றாகவோ நான்காகவோ மாறியிருக்கலாம். வைத்தியம் முழுக்க மாறிவிடும்.

மூன்றாவது, லூபஸே காரணமா என்ற சந்தேகம். கிட்னியின் சின்ன ரத்தக்குழாய்களில் ரத்தம் கட்டியாக உறைவது, ஸ்டீராய்டால் வந்த சர்க்கரை, டாக்ரோலிமஸ் போன்ற மருந்தின் பாதிப்பு, பிரஷர் என்று வேறு காரணங்களும் இதே மாதிரி டெஸ்ட் ரிசல்ட்டைக் கொடுக்கும். ரத்தம் கட்டும் தன்மையைக் காட்டும் கார்டியோலிப்பின் ஆன்டிபாடி டெஸ்ட் பாசிட்டிவ் ஆனவர்கள் முதலில் சொன்ன ரத்தக் கட்டியைப் பற்றிக் கட்டாயம் கேளுங்கள். அதற்கு வைத்தியமே வேறு.

நான்காவது, மருந்தை நிறுத்தலாமா என்ற கேள்வி. என் மனதுக்கு மிக நெருக்கமான காரணம் இது. எத்தனையோ பெண்கள் எல்லா டெஸ்ட்டும் நார்மல் ஆகி, மூன்று நான்கு வருடம் மாத்திரையிலேயே ஓட்டுகிறார்கள். நிறுத்தினால் திரும்ப வருமா என்ற பயம் ஒரு பக்கம், வாழ்நாள் முழுக்கச் சாப்பிடுவதா என்ற அலுப்பு ஒரு பக்கம். அதே புவெனஸ் ஐரிஸ் குழு 2018இல் இன்னொரு ஆய்வை வெளியிட்டது. குறைந்தது மூன்று வருடம் மருந்து எடுத்து, ஒரு வருடமாவது அடங்கியிருந்த 36 பேருக்கு பயாப்சி எடுத்துவிட்டு மருந்தைக் குறைத்து நிறுத்தினார்கள். 11 பேருக்கு நோய் திரும்பியது. பயாப்சியில் ஆக்டிவிட்டி இண்டெக்ஸ் 2க்கு மேல் இருந்த ஒவ்வொருவருக்கும் திரும்பியது. பிறகு 2020இல், இண்டெக்ஸ் பூஜ்ஜியம் ஆனவர்களுக்கு மட்டும் நிறுத்துவது, மற்றவர்களுக்குத் தொடர்வது என்று செய்து பார்த்ததில் நோய் திரும்புவது வெகுவாகக் குறைந்திருந்தது. இவை சின்ன ஆய்வுகள்தான். ஆனாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு நிறுத்துவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம்.

குழந்தை பெற நினைப்பவர்களுக்கும் இதே கேள்விதான். கர்ப்பத்துக்கு முன் குறைந்தது ஆறு மாதம் நோய் அடங்கியிருக்க வேண்டும் என்பார்கள். மைக்கோஃபினோலேட்டைக் குறைந்தது ஆறு வாரம் முன்பே நிறுத்தி அசாதயோபிரினுக்கு மாற வேண்டும். யூரினில் கொஞ்சம் புரதம் மிச்சமிருந்தால் அது புண்ணா தழும்பா என்று முன்கூட்டியே தெரிந்துகொள்வது தாய்க்கும் பிள்ளைக்கும் நல்லது. கர்ப்பமான பிறகு எடுப்பது இன்னும் சிக்கல்.

நான்காவது படி: டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி

"ரிப்போர்ட் இப்படி வந்தால் என்ன செய்வீர்கள், அப்படி வந்தால் என்ன செய்வீர்கள்?"

இதைக் கேளுங்கள். டாக்டரம்மா எங்களுக்குச் சீட்டின் பின்பக்கத்திலேயே வரைந்து காட்டினார். 'புண் இருந்தால் மருந்தை மாற்றுவோம், தழும்பு மட்டும் என்றால் ஸ்டீராய்டைக் குறைப்போம்.' இரண்டு அம்புக்குறி, அவ்வளவுதான். தங்கை அந்தச் சீட்டை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீராய்டில் முகம் வீங்கிப்போய் கண்ணாடி பார்ப்பதையே நிறுத்தியிருந்தவள் அவள். "அப்ப குறைக்கவும் வாய்ப்பு இருக்கா மேடம்?" என்று கேட்டாள். அதுவரை பயாப்சி என்றால் மருந்து கூடுவதற்கான வழி என்றே நினைத்திருக்கிறாள். அங்கேயே சரி என்று சொல்லிவிட்டாள்.

எப்படி வந்தாலும் வைத்தியம் மாறாது என்று டாக்டர் சொன்னால், இப்போது எடுக்க வேண்டிய அவசரம் என்ன என்று பணிவாகக் கேட்கலாம். கிட்னி ஏற்கெனவே நன்றாகச் சுருங்கிவிட்டவர்களுக்கு பயாப்சியால் பலன் குறைவு, ஆபத்து அதிகம்.

ஐந்தாவது படி: ஊசிக்கு முந்தைய பத்து நாள்

ரத்தம் நீர்க்கும் மாத்திரைகள்தான் முதல் கவலை. ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர்களை வழக்கமாக ஏழு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். லூபஸில் நிறையப் பேர் ஆஸ்பிரின் சாப்பிடுகிறார்கள், அது ரத்தத்தை நீர்க்கும் மாத்திரை என்று தெரியாமலே. மாத்திரை டப்பாவையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டிவிடுங்கள். வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் ஒருபோதும் தாங்களாக நிறுத்தக் கூடாது. ரத்தக் கட்டி வரும் உடம்பு உங்களுடையது. டாக்டர் ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றி, பயாப்சி நேரத்தில் மட்டும் நிறுத்துவார். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரைகளையும் தொடாதீர்கள். ஸ்டீராய்டு, ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் இரண்டையும் டாக்டர் சொல்லாமல் ஒரு நாளும் விடக் கூடாது.

பிரஷர் 140/90க்குக் கீழே இருக்க வேண்டும். கூடுதலாக இருந்தால் ரத்தம் கசியும் வாய்ப்பு அதிகம் என்பதால் அன்றைக்கே தள்ளிப்போட்டு விடுவார்கள். பயத்திலேயே பிரஷர் ஏறும், தங்கைக்கு ஏறியது. முதல் நாள் இரவே அட்மிட் ஆகிவிட்டால் அது கொஞ்சம் அடங்கும். பிளேட்லெட், ரத்தம் உறையும் நேரம், ஹீமோகுளோபின், யூரின் கல்ச்சர் எல்லாம் பார்ப்பார்கள். லூபஸில் பிளேட்லெட் குறைவது உண்டு. ஒரு லட்சத்துக்கு மேல் இருந்தால் டாக்டர்கள் நிம்மதியாகச் செய்வார்கள். இருமல் சளி இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள், மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும்.

சாம்பிளை எந்த லேபுக்கு அனுப்புவார்கள், கட்டணம் தனியா என்று முன்பே கேட்டு வையுங்கள். சில இடங்களில் பாட்டிலை நம் கையிலேயே கொடுத்து வெளி லேபில் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்வார்கள். சாதாரண மைக்ரோஸ்கோப்புக்கு ஒன்று, படிந்த எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துப் பார்க்கும் இம்யூனோஃப்ளோரசன்ஸுக்கு ஒன்று, சில சமயம் எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்கு மூன்றாவது. ஒவ்வொன்றிலும் திரவம் வேறு. எதை ஐஸில் வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்று நர்ஸிடம் கேட்டு பாட்டில் மேலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பழைய ரிப்போர்ட்டின் நகலையும் கூடவே வையுங்கள்.

ஆறாவது படி: அந்த நாள்

குப்புறப் படுக்க வைப்பார்கள். வயிற்றுக்கு அடியில் சுருட்டிய துணியோ தலையணையோ வைத்து முதுகு சற்று மேலே எழும்பும்படி செய்வார்கள். அல்ட்ராசவுண்டில் கிட்னியைப் பார்த்து, பெரும்பாலும் இடது கிட்னியின் கீழ் முனையைத் தேர்ந்தெடுத்து, பேனாவால் முதுகில் குறி போடுவார்கள். மரப்பு ஊசி போடும்போதுதான் எரிச்சல். பல் பிடுங்கும்போது போடுவார்களே, அதே மருந்து வகைதான்.

அப்புறம் வருவதுதான் பயாப்சி ஊசி. ஸ்பிரிங் வைத்த துப்பாக்கி மாதிரி இருக்கும். குத்துவதற்கு முன் டாக்டர் அதை ஒரு தடவை வெறும் காற்றில் அழுத்திக் காட்டினார். டக் என்று ஸ்டேப்ளர் அடிப்பது போன்ற சத்தம். "இந்தச் சத்தம்தான்மா கேட்கும், துள்ளிடாதே" என்றார். பிறகு, "மூச்சை இழு, பிடி, அப்படியே இரு" என்று சொன்ன நொடியில் மறுபடி அந்த டக். வலியைவிட உள்ளே யாரோ அழுத்தித் தள்ளியது போல இருந்தது என்றாள் தங்கை. இரண்டு அல்லது மூன்று தடவை எடுப்பார்கள். முந்தின நாளே மூச்சுப் பிடிக்கப் பழகிக்கொண்டால் நல்லது, நாங்கள் கட்டிலில் குப்புறப் படுத்துப் பழகினோம்.

எடுத்ததை டாக்டர் காட்டினார். சேமியாத் துண்டு மாதிரி, ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் கனம். பெரியம்மாவின் பயத்துக்கு அதுதான் பதில். பத்து லட்சம் முடிச்சுகளில் பத்து இருபதுதான் அதில் வெளியே வருகிறது. கிட்னிக்கு அது தெரியவே தெரியாது.

ஆபத்து எவ்வளவு? கண்ணுக்குத் தெரியும்படி யூரினில் ரத்தம் வருவது 100 பேரில் மூன்று நான்கு பேருக்கு நடக்கிறது, பெரும்பாலும் தானாக நின்றுவிடும். ரத்தம் ஏற்ற வேண்டி வருவது 100இல் ஒன்றிரண்டு பேருக்கு. ரத்தக்குழாயை அடைக்கும் சிகிச்சை வரை போவது அதைவிட அரிது. உயிருக்கு ஆபத்து மிக மிக அரிது, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால்தான் மேலே சொன்ன தயாரிப்புகளில் எதையும் விடக் கூடாது.

முடிந்ததும் ஆறு மணி நேரம் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். ஊசியை விட இப்படிப் படுத்திருப்பதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. முதல் மணி நேரம் கால் மணிக்கு ஒரு தடவை நாடியும் பிரஷரும் பார்த்தார்கள். யூரினை ஒவ்வொரு தடவையும் தனித்தனிக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து நேரம் எழுதி ஜன்னலோரம் வரிசையாக வைக்கச் சொன்னார் நர்ஸ் அக்கா. முதல் பாட்டில் லேசாக டீ டிகாஷன் நிறம். இரண்டாவது அதைவிட வெளுப்பு. நான்காவது சுத்த மஞ்சள். நிறம் வெளுத்துக்கொண்டே போனால் நல்லது, அடர்ந்துகொண்டே வந்தாலோ கட்டி கட்டியாக வந்தாலோ உடனே கூப்பிட வேண்டும். கூட இருப்பவருக்கு அன்றைய முக்கியமான வேலை அந்தப் பாட்டில்கள்தான்.

ஏழாவது படி: வீட்டுக்கு வந்த பிறகு

மறுநாள் அனுப்பிவிடுவார்கள். இரண்டு வாரம் தண்ணீர்க் குடம் தூக்குவது, துணி பிழிவது, பிள்ளையைத் தூக்குவது, மேடு பள்ளத்தில் பைக்கில் போவது எல்லாம் வேண்டாம். முக்கி மலம் கழிக்கக் கூடாது என்பதால் வாழைப்பழம், கீரை சேர்த்துக்கொள்ளுங்கள், தண்ணீரின் அளவை டாக்டர் சொன்னபடி வைத்துக்கொண்டு. நிறுத்திய ஆஸ்பிரினை எப்போது திரும்பத் தொடங்குவது என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கிளம்ப வேண்டும். யூரின் சிவப்பானால், இடுப்புக்கு மேலே வலி கூடிக்கொண்டே போனால், தலை சுற்றினால், காய்ச்சல் வந்தால், யூரின் நின்றுபோனால் காலைவரை காத்திருக்காமல் அன்றிரவே போய்விடுங்கள்.

எட்டாவது படி: புது ரிப்போர்ட்டைப் பழையதோடு வையுங்கள்

எங்களுக்கு ஐந்தாம் நாள் வந்தது. எலெக்ட்ரான் மைக்ரோஸ்கோப் ரிப்போர்ட் வர வாரக்கணக்காகும், அதற்காக மற்றது காத்திருக்கத் தேவையில்லை. ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு இடது பக்கம் பழைய எண்கள், வலது பக்கம் புதிய எண்கள் எழுதினேன். ஆக்டிவிட்டி இண்டெக்ஸ் 13இலிருந்து 1. க்ரானிசிட்டி 1இலிருந்து 5. முடிச்சுகள் 19.

ஆக்டிவிட்டி நன்றாக இறங்கியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது. இறங்காமல் இருந்தால் மருந்தை மாற்றுவது பற்றிப் பேச வேண்டும். சைக்ளோஃபாஸ்பமைடு, டாக்ரோலிமஸ், ரிடுக்சிமாப், பெலிமுமாப் என்று வழிகள் இருக்கின்றன. எது பொருந்தும் என்பதை வயதும், குழந்தை பெறும் எண்ணமும், கையிருப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கும். க்ரானிசிட்டி ஏறியிருந்தால் அந்தப் பகுதி திரும்ப வராது. இதைக் கேட்கத் தைரியம் வேண்டும். எங்கள் வீட்டில் அந்த 5ஐப் பார்த்து அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் தங்கை வேறு மாதிரி பார்த்தாள். "புண் ஆறிடுச்சுல்ல அக்கா, மிச்சம் இருக்கிறதைப் பத்திரமா வச்சுக்கலாம்" என்றாள்.

டாக்டரம்மா அந்தச் சீட்டில் வரைந்த இரண்டாவது அம்பின் வழியே போனார். ஸ்டீராய்டு படிப்படியாக 15இலிருந்து 5 மில்லிகிராமுக்கு வந்தது. டெல்மிசார்டன் கூடியது. மைக்கோஃபினோலேட் அதே அளவில் தொடர்ந்தது. உப்பைக் குறைத்தோம், ஊறுகாயும் அப்பளமும் வீட்டில் எல்லோருக்குமே நின்றது. ஏழு மாதத்தில் புரதம் 0.8க்கு வந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு தடவை யூரின், கிரியேட்டினின், சி3, சி4 பார்க்கிறோம். அந்த வெள்ளைத்தாள் ஃபைலில் முதல் பக்கமாக இருக்கிறது, பயாப்சி நம்பர் இரண்டும் மேலே சிவப்பு மையில்.